முன் இருக்கை

மத்தியானத் தூக்கத்திலிருந்து வில்மா விழித்துக்கொண்டபோது, கூடத்தின் கடைசியில் இருந்த அறைக்குள் அவள் கணவர் ஒஸ்மார் யாரிடமோ, "பயப்படாத. இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சொன்ன விஷயத்தைவிடச் சொன்ன குரல்தான் அவளை எழுந்து உட்கார வைத்தது. பருத்திக் காடுகளுக்கு மேலே மருந்து தெளிக்கும் விமானத்தை ஓட்டி ஓட்டி, எஞ்சின் இரைச்சலோடு போட்டி போட்டே பழகிப்போன தொண்டை அது. சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்டால்கூடத் தெருக்கோடிக்குக் கேட்கும். கல்யாணமான புதிதில்கூட அவளிடம் அவர் அப்படிப் பஞ்சு மாதிரி ஒரு குரலில் பேசியதில்லை.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள். பம்பா லாரா ஊர் முழுவதும் அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். மார்ச் மாத வெயிலில் தகரக் கூரை முறுக்கிக்கொண்டு டக் டக்கென்று சத்தம் போட, வாசலில் நிற்கும் மலைவேம்பு மரங்களில் சிள்வண்டுகள் ஒரே சுருதியில் அறுத்துக்கொண்டே இருக்க, சாத்திய சன்னல் பலகைகளின் இடுக்குகள் வழியாக வெயில் கீற்றுக் கீற்றாகத் தரையில் விழுந்து கிடக்க, தெருவில் ஒரு நாய்கூட எழுந்து நடக்காத நேரம். அந்த அமைதிக்குள் ஒஸ்மார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, யாரோ சொன்ன எதையோ கேட்டுவிட்டுச் சிரிப்பதுபோல மெல்லச் சிரித்தார்.

அது முன்பு அவர்கள் மகளின் அறை. அவள் கல்யாணமாகி ரொசாரியோ நகரத்துக்குப் போன பிறகு அதில் பழைய துணி மூட்டைகள் கிடந்தன. இதயம் சரியில்லை, இனி விமானம் ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லி உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டபோது, ஒஸ்மார் கொஞ்ச காலம் வீட்டுக்குள் பேயடித்தவர்போல உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருநாள் ஒட்டுப்பலகைகளும் கித்தான் துணியுமாக வந்து இறங்கினார். இளம் வயதில் அவர் பறக்கக் கற்றுக்கொண்ட இரட்டை இறக்கை விமானத்தில் ஆள் இறங்கி உட்காரும் இருக்கைக் குழியை அந்த அறைக்குள்ளேயே செய்துவிட்டார். பிரம்பில் பின்னிய இருக்கை. காலுக்கு மிதிகள். முழங்கால்களுக்கு நடுவே, உடைத்துப்போட்ட ஒரு விமானத்திலிருந்து கழற்றி வந்த, விமானத்தை ஏற்றி இறக்கித் திருப்பும் நிஜமான கைக்கோல். எதிரே வளைவாக மூன்று பெரிய கணினித் திரைகள். உட்கார்ந்து இயக்கினால் இருபுறமும் மேலும் கீழுமாக இறக்கைகள் தெரியும், அவற்றுக்கிடையே இழுத்துக் கட்டிய கம்பிகள் தெரியும், நேர் முன்னால் ஒரு குட்டிக் கண்ணாடித் தடுப்போடு இன்னொரு இருக்கைக் குழி தெரியும். அந்தக் காலத்து விமானங்களில் ஓட்டுபவர் பின்னால்தான் உட்காருவார். முன் இருக்கை கூட வருபவருக்கு.

வில்மாவையும் சில தடவை உட்கார வைத்து ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். பச்சை மேடுகள், வேலிகள், கல் வீடுகள், ஓடைகள் என்று ஏதோ ஒரு குளிர் நாட்டின் நிலம் அடியில் நகர்ந்தது. அந்தக் கணினி விளையாட்டில் இருந்தது அந்த நிலம் மட்டுந்தான். "இவ்வளவு கம்பி இருக்கு, துணி காயப்போடவாவது உதவும்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள். ஒஸ்மார் அதற்கு ஒரு வாரம் முறைத்தார்.

இப்போது சில நாட்களாக அந்தக் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் முளைத்திருந்தது.

வெயில் சாய்ந்ததும் அவர் வெளியே வந்து சமையலறைத் தொட்டியில் முகம் கழுவினார். வில்மா வெங்காயம் நறுக்குவதுபோல நின்றிருந்தாள்.

"உள்ள யாரு கெழவா?"

"யாரு? நான்தான்."

"நீ பேசினது கேட்டுச்சு."

"எஞ்சின்கிட்ட பேசுவேன். புதுசா என்ன?" துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. "நான் பேசினது மட்டுந்தான் கேட்டுச்சா?"

"வேற யாரு பேசணும்?"

ஒஸ்மார் துண்டைக் கொடியில் போட்டார். அவர் முகத்தில் அப்போது வந்தது நிம்மதி என்று அவள் நினைத்தாள். இரவு பாத்திரம் துலக்கும்போது யோசித்துப் பார்த்தால், அது ஏமாற்றம் மாதிரியும் இருந்தது.

ஒஸ்மாரின் தங்கை டெல்மா அடுத்த தெருவில் இருந்தாள். மறுநாள் சாயங்காலம் ஐஸ் தண்ணீர்க் குடுவையும், அதை ஊற்றி ஊற்றி உறிஞ்சத் தெரெரே இலை நிறைத்த கோப்பையுமாக வந்து, மலைவேம்பு நிழலில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வில்மா விஷயத்தைச் சொன்னதும் உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"எங்க அண்ணனா? அந்தத் தொப்பையையும் அந்தக் கொறட்டையையும் எவ அண்ணி சகிச்சுப்பா? நீயே வேற வழி இல்லாம வச்சிருக்க."

"சிரிக்காத டெல்மா. நீ அந்தக் குரலைக் கேக்கல."

டெல்மா கோப்பை காலியாகிக் களகளவென்று சத்தம் வரும்வரை உறிஞ்சினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. இந்த மாதிரி விளையாட்டுல ஹெட்போன மாட்டிக்கிட்டுக் கூட்டமா சேர்ந்து பறக்கிறாங்களாம். நம்ம பல் டாக்டர் சொன்னாரு. ஒருத்தி மெக்சிகோல இருப்பா, ஒருத்தி ஸ்பெயின்ல இருப்பா. பறக்கிறதுதான் பொய். பேச்சு நெசம்."

அந்தக் கடைசி வார்த்தை வில்மாவின் மனத்தில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது.

அடுத்த மத்தியானம் அவள் தூங்கவில்லை. கண்ணை மூடி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒஸ்மார் கட்டிலைவிட்டு எழுந்தார், வாசலில் நின்று அவள் மூச்சைக் கவனித்தார், கூடத்தில் நடந்து போனார், தாழ்ப்பாள் விழுந்தது. சற்று நேரத்தில் அந்தக் குரல் தொடங்கியது. வில்மா செருப்பில்லாமல் எழுந்து போனாள். இணையம் வரும் மோடம் கூடத்து அலமாரியில் இருந்தது. அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டால் பேச்சு பாதியில் அறுந்துபோகும், கிழவன் கதவைத் திறந்துகொண்டு ஓடி வருவான், அப்போது அந்த முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

ஒயரைக் கையில் பற்றிய பிறகுதான் மோடத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை என்று கவனித்தாள்.

தொட்டுப் பார்த்தாள். சூடே இல்லை. லேசாகத் தீய்ந்த வாசனை அடித்தது. போன வாரம் அடித்த இடியில் டெல்மா வீட்டுத் தொலைக்காட்சியும் இவர்கள் வீட்டு மோடமும் ஒன்றாகக் கருகிப்போனது அவளுக்கு நினைவு வந்தது. ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்கிறேன் என்று ஒஸ்மார் சொன்னார். கூப்பிடவில்லை. அதைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அத்தனை நாளாக அந்த வீட்டுக்குள் வெளியிலிருந்து எதுவும் வரவில்லை.

கதவுக்குப் பின்னால் ஒஸ்மார் சொன்னார்: "இல்ல, அவ தூங்குறா."

சிறிது மௌனம்.

"இல்ல. கேக்காது."

கையில் ஒயரோடு வெறுங்காலில் வில்மா நின்றுகொண்டே இருந்தாள். தகரக் கூரை டக்கென்றது.

அன்று அவர் வெளியே வந்தபோது சட்டைக் காலரில் ஒரு துணுக்குப் பருத்தி ஒட்டியிருந்தது. காய்ந்த இலைச் சருகோடு, அப்போதுதான் செடியிலிருந்து பறித்ததுபோல. தட்டிவிடும் சாக்கில் அவள் கையை அவர் கன்னத்தில் பட வைத்தாள். குளிர்ச்சி. ஊரே வெந்துகொண்டிருக்க, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த இறைச்சியைத் தொட்டதுபோல இருந்தது. காதோரம் மிச்சமிருந்த நரைமுடி பின்னால் படிந்து ஒட்டிக் கிடந்தது.

வினோதமாக, வில்மாவுக்கு உயிர் வந்தது. இப்போது புரிந்துவிட்டது. கிழவன் சன்னல் வழியாக வெளியே போகிறான். போய்ப் பருத்திக் காட்டோரம் நடந்து, ஏ.சி. வைத்த யாரோ ஒருத்தி வீட்டுக்குள் நுழைகிறான். ஊரில் மத்தியானம் முழுவதும் ஏ.சி. ஓடும் வீடு மருந்துக்கடைக்காரர் விதவையுடையது. அவள் சிரிப்பு வில்மாவுக்கு என்றைக்குமே பிடிக்காது. ரத்தமும் சதையுமான ஒருத்தி என்றால் தெருவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்கலாம். போகும்போது தன் பேச்சைப் பதிவுசெய்து உள்ளே ஓடவிட்டுவிட்டுப் போகிறானோ என்னவோ. செய்யக்கூடியவன்தான்.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் அவள் கொல்லைப்புறத்தைப் பெருக்கினாள். அந்த அறைச் சன்னலின் அடியிலிருந்து பின்வாசல் வரை செம்மண் புழுதியைக் கோலமாவு மாதிரிச் சமமாகப் பரப்பிவிட்டு வந்து படுத்தாள். வெயில் தாழ்ந்ததும் போய்ப் பார்த்தாள். ஒரு புறா நடந்த தடம் இருந்தது. வேறு தடமே இல்லை.

ஒஸ்மாரின் தோளில் அன்றும் பருத்தி இருந்தது.

அதற்கு அடுத்த நாள் அவள் வெயிலில் இறங்கி, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, சன்னல் பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள். உள்ளே இருட்டு, திரைகளின் வெளிச்சம் மட்டும். பிரம்பு இருக்கைக்கு மேலே ஒஸ்மாரின் வழுக்கைப் பின்மண்டை. ஹெட்போன் சுவரில் ஆணியில் தொங்கியது. திரைகளில் பச்சை மேடுகள் இல்லை, ஓடைகள் இல்லை. தட்டையான நிலம், அடிவானம் வரை வெடித்து வெளுத்த பருத்தி, நடுவே கோடு கிழித்ததுபோல ஒரு சாலை. இந்த ஊர்ப் பக்கத்து நிலம்.

முன் இருக்கையில் ஒரு தலை இருந்தது.

பருத்தி பறிக்கும் பெண்கள் வெயிலுக்குக் கட்டுவதுபோல வெள்ளைத் துணியால் கட்டிய தலை. பிடரியில் முடிச்சு. முடிச்சின் வால் காற்றில் படபடத்தது. சீ, பொம்மைப் படம் என்று நினைத்தாள் வில்மா. பெண் பொம்மை ஒன்றை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு கிழவன் கொஞ்சிக்கொண்டிருக்கிறான், இதற்கா இத்தனை பாடு என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அப்போது அந்தத் தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குழியின் விளிம்புக்கு வெளியே எதையோ எட்டிப் பார்ப்பவளைப்போலச் சாய்ந்து, திரும்பத் தொடங்கியது. ஒஸ்மார் பக்கம் இல்லை. சன்னல் பக்கம்.

முகம் தெரிவதற்குள் வில்மா குதித்துவிட்டாள். வாளி உருண்டது.

உள்ளே ஒஸ்மார், அந்தப் பஞ்சுக் குரலில், "ஒண்ணுமில்ல. பூனை" என்றார்.

அன்றைய இரவுச் சாப்பாட்டின்போது, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, அவள் கேட்டாள். "அந்த விளையாட்டுல முன் சீட்டுல யாரையாவது உக்கார வைக்க முடியுமா?"

ஒஸ்மார் தட்டில் இருந்த வறுத்த இறைச்சியை அறுத்துக்கொண்டே இருந்தார். "முடியாது. அதுல அந்த வசதி கெடையாது. எப்பவும் காலிதான்."

"ஓ."

"ஏன், யாரையாவது பார்த்தியா?"

"நான் எங்க பார்க்கப் போறேன்."

"பார்த்தா சொல்லுவ இல்ல?" அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலா மிரட்டலா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அவரே தட்டைத் தள்ளி வைத்தார். "நாளைக்கு ரெசிஸ்டென்சியா போகணும், இதய டாக்டர்கிட்ட. டெல்மா வண்டியில கூட்டிட்டுப் போறா. நான் இல்லாதப்ப நீ அந்த அறைக்குள்ள போகாத."

"ஏன்?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஒயரெல்லாம் கெடக்கு."

காலையில் அவர்கள் கிளம்பிப் போனார்கள். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு டெல்மா கைப்பேசியில் கூப்பிட்டு, டாக்டர் ஒன்றும் பயமில்லை என்றார், மாத்திரையை மாற்றியிருக்கிறார், கிளம்பிவிட்டோம், அண்ணன் பக்கத்தில் குறட்டை என்றாள். வில்மா கைப்பேசியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு படுத்தாள். மின்விசிறி சுற்றியது. சிள்வண்டுகள் அறுத்தன. கூடத்தின் கடைசியில் சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆள் இல்லாத அறையின் அமைதிபோல இல்லை அது. பேச்சை நிறுத்திவிட்டு யாரோ காத்திருப்பதுபோல இருந்தது.

எழுந்து போனாள். கதவு திறந்தேதான் இருந்தது.

அறைக்குள் விளக்கெண்ணெய் கலந்த எஞ்சின் எண்ணெய் வாசனை. கித்தானுக்குப் பூசிய மெருகின் நெடி. அவற்றுக்கடியில் இன்னொன்று, வெயிலில் காய்ந்து மொடமொடத்த துணியின் மணம். இந்த வீட்டுத் துணிகளுக்கு வில்மா போடும் சோப்பின் வாசனை வேறு. அவள் நெஞ்சுக்குள் பயத்தை ஒதுக்கிக்கொண்டு கோபம் முன்னால் வந்தது. என் வீடு. என் மகளின் அறை. அவள் பிரம்பு இருக்கையில் இறங்கி உட்கார்ந்தாள். எப்படி இயக்குவது என்று மறக்கவில்லை. திரைகள் விழித்தன, எஞ்சின் இருமிக்கொண்டு பிடித்தது, புல்தரையும் மேடுகளும் வேலிகளும் எதிரே விரிந்தன. அதே குளிர் நாடு. முன் இருக்கை காலி. தோல் வைத்துத் தைத்த விளிம்பும் குட்டிக் கண்ணாடியும்தான்.

"உனக்குப் பைத்தியந்தான் கெழவா" என்று வாய்விட்டுச் சொன்னாள். தனக்கும்தான் என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டாள். இருந்தாலும் எழுந்திருக்கவில்லை. வேகத்தைக் கூட்டி, தட்டுத்தடுமாறி, புல்தரையிலிருந்து மேலே கிளம்பினாள். மேடுகள் சிறுத்தன. எதிரே ஒரு மேகம் வந்தது. உள்ளே போனதும் மூன்று திரைகளும் வெள்ளையாகிவிட்டன. அந்த வெண்மைக்குள் எவ்வளவு நேரம் போனோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கம்பிகளில் காற்று ஊதும் சத்தம் கேட்டது. முதலில் அது ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது என்று நினைத்தாள். பிறகு கன்னம் குளிர்ந்தது. பிறகு கண்ணில் நீர் கோத்தது. நெற்றி முடி பின்னால் பறந்தது. அறையின் மின்விசிறியை அவள் போடவில்லை.

மேகம் விலகியது.

கீழே பருத்தி. அடிவானம் வரை.

முன் இருக்கையில், குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தவள் நிமிர்வதுபோல, ஒரு வெள்ளைத் துணித் தலை நிமிர்ந்தது.

இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வில்மாவின் வாயில் வந்தது. "யாருடி நீ?"

தலை லேசாகச் சாய்ந்தது. காற்றில் சரியாகக் கேட்காதவளைப்போல. திரும்பவில்லை. பிறகு ஒரு கை உயர்ந்தது. வெயிலில் கறுத்த, மெலிந்த, இளமையான கை. சட்டைக் கை காற்றில் படபடத்தது. விரல் இடப்பக்கம் கீழே காட்டியது.

வில்மா கோலை இடப்பக்கம் சாய்த்தாள். சாய்க்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை.

சாலை தெரிந்தது. சாலையில் ஒரே ஒரு வண்டி எறும்புபோல ஊர்ந்து வந்தது. சிவப்பு வண்டி. டெல்மாவின் வண்டி.

ஏப்ரன் பையில் கைப்பேசி அடித்தது. அவள் ஒரு கையால் எடுத்துக் காதில் வைத்தாள்.

"அண்ணி, இந்தப் பக்கம் இன்னைக்கு யாராவது மருந்து தெளிக்கிறாங்களா?" டெல்மாவின் குரல் கரகரத்தது. "ஒரு பழைய விமானம். ரெட்டை றெக்கை. எங்க தலைக்கு மேலயே வருது."

வில்மா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்ணன் வண்டிய நிறுத்தச் சொல்றாரு. இரு, இரு. இறங்கிட்டாரு."

"டெல்மா, அந்தக் கெழவன உள்ள ஏத்து. கதவச் சாத்து."

"கேக்க மாட்டேங்கிறாரு அண்ணி. நடு ரோட்ல நிக்கிறாரு. கையாட்டுறாரு." டெல்மா மூச்சை இழுத்தாள். "சிரிக்கிறாரு."

சிவப்புக்கு முன்னால் ஒரு புள்ளி. கையை ஆட்டும் புள்ளி.

கோல் முன்னால் நகர்ந்தது. விமானத்தின் மூக்கு தாழ்ந்தது. சாலை நிமிர்ந்து எதிரே நின்றது.

அவள்தான். முன்னால் இருப்பவள்தான். அங்கேயும் ஒரு கோல் இருக்கும். அவள்தான் தள்ளுகிறாள்.

"விடுடி. விடு."

வெள்ளைத் துணித் தலை அசையவில்லை. அதன் இரண்டு பக்கமும் இரண்டு கைகள் உயர்ந்தன. குழிக்கு வெளியே. தலைக்கு மேலே. விரல்கள் விரிந்து. காலியாக.

அவள் எதையும் பிடித்திருக்கவில்லை.

வில்மா குனிந்து பார்த்தாள். கோலின் மேல் அவள் கை. கணு வெளுத்த, மோதிரம் போட்ட அவளுடைய கை. முழங்கை நீண்டிருந்தது. தள்ளிக்கொண்டிருந்தது.

ஒஸ்மார் பெரிதானார். சட்டை தெரிந்தது. வழுக்கை தெரிந்தது. முகம் தெரிந்தது. அண்ணாந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, சின்னப் பையன்போலக் கையாட்டிக்கொண்டு. அவர் கண்கள் பின் இருக்கையைப் பார்க்கவில்லை.

முன் இருக்கையைப் பார்த்தன.

வில்மாவின் முழங்கை மடங்கவில்லை.

எஞ்சின் இரைந்தது. கைப்பேசிக்குள்ளும் அதே எஞ்சின் இரைந்தது. டெல்மா கத்தினாள். அப்போதுதான், அந்தக் கத்தலுக்குப் பிறகுதான், வில்மா கோலை வயிற்றோடு சேர்த்து இழுத்தாள். சாலை அடியில் சரிந்து மறைந்தது. வானம். வானம் மட்டும்.

கைப்பேசிக்குள் எஞ்சின் சத்தம் தேய்ந்து தூரம் போனது.

"டெல்மா."

"போயிடுச்சு." டெல்மா அழுதாள். "மேல ஏறிப் போயிடுச்சு. படல அண்ணி. அவர் மேல எதுவும் படல. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். சும்மா விழுந்துட்டாரு."

"எழுப்பு."

"கண்ணு தெறந்திருக்கு. எழுந்திருக்க மாட்டேங்கிறாரு. அண்ணி, இவர் எழுந்திருக்க மாட்டேங்கிறாரு."

விமானம் தானாகவே சமநிலைக்கு வந்தது. கோல் கையில் இறகுபோல லேசாக இருந்தது. கம்பிகளில் காற்று ஊதியது.

முன் இருக்கையில் வெள்ளைத் துணித் தலை. அதன் பக்கத்தில், ஒருவருக்கே இடம் போதாத அந்தக் குழிக்குள் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு, இன்னொரு தலை. வெயிலில் சுட்டுச் சிவந்த வழுக்கை. பிடரியில் மடிப்பு. மாதம் தவறாமல் சமையலறை ஸ்டூலில் உட்கார வைத்து அவள் கத்தரித்துவிடும் நரைமுடி, காதோரம் காற்றில் பறந்தது.

"ஒஸ்மார்" என்று கூப்பிட்டாள். குரல் வாயிலிருந்து வெளியே வந்ததும் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

வெள்ளைத் துணித் தலை அந்த வழுக்கைத் தலையின் மேல் சாய்ந்துகொண்டது.

வில்மாவின் விரல்கள் தளர்ந்தன. கைப்பேசி நழுவியது. டெல்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அறையின் சிமெண்டுத் தரையில் அது விழுந்து உடையும் சத்தத்துக்காக வில்மா காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை.

விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். வெகு கீழே, விளக்கு அணையாமல், சுழன்று சுழன்று, ஒவ்வொரு சுழற்சியிலும் வெயிலில் மின்னிக்கொண்டு, கைப்பேசி வெள்ளைக் காட்டை நோக்கி விழுந்துகொண்டிருந்தது.

முன்னால் இருந்த இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.